பத்தொன்பது வருடம் இடிக்காத வண்டி

என் அத்தான் தன் காரை மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அதற்கு அவர் சுபாவம் பாதிக் காரணம், டிக்கியில் இருக்கும் எடைக்கற்கள் மீதிக் காரணம். அவர் தராசு மெக்கானிக். கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைப்பது அவர் தொழில். அதற்கு இருபது கிலோ கற்கள் பன்னிரண்டு வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் கற்கள் ஒன்றோடொன்று மோதும். மோதினால் முனை தேயும், தேய்ந்தால் எடை குறையும், எடை குறைந்த கல்லை வைத்துக்கொண்டு அவர் யாருடைய தராசையும் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் பழைய போர்வைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தி, பின்னால் ஊரே ஹார்ன் அடிக்க அடிக்க அவர் பாட்டுக்குப் போவார். சந்தையில் அவருக்கு 'அரைக்கிராம்' என்று பட்டப்பெயர். அரைக்கிராம் வித்தியாசம் இருந்தால் முத்திரை வைக்க மாட்டார். கெஞ்சினாலும் மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் பத்தொன்பது வருடமாக ஒரே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்டிவந்தார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, ஒரு நெளிசல் கிடையாது. கம்பெனியிடமிருந்து அவர் திரும்ப வாங்கியது வருடத்துக்கு ஒரு காலண்டர் மட்டும்தான், அதையும் ஐந்து வருடமாக நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. சென்ற வருடம் முப்பத்தோராயிரம், இந்த வருடம் நாற்பத்தெட்டாயிரம். கடிதத்தின் தலையில் ஒரு குடைக்கடியில் நான்கு பேர் கொண்ட குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. உயர்வுக்குக் காரணம் என்ற இடத்தில், 'தங்கள் மீது எங்களுக்குள்ள அக்கறை' என்று அச்சாகியிருந்தது.

"ஏங்க, இந்த வண்டிய இப்ப வித்தா எவ்வளவுங்க வரும்?" என்று அக்கா கேட்டாள்.

"அறுபது வரும். கல்லோட வித்தா கொஞ்சம் கூட வரும்" என்றார் அத்தான்.

"அப்ப அறுபதாயிரம் வண்டிய பாத்துக்க நாப்பத்தெட்டாயிரமா? அதுக்கு நானே தினம் ராத்திரி வாசல்ல உக்காந்து பாத்துக்கறேன்."

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மொத்தச் சந்தையில் வருடாந்திரச் சோதனை தொடங்குகிறது. முந்நூற்று நாற்பது தராசு. அத்தானுடைய வருமானத்தில் பாதி அந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சந்தை வாயிலில் உள்ளே விடமாட்டார்கள். ஆறு மணிக்கு அவர் போய் நிற்காவிட்டால் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவனைக் கூப்பிடுவார்கள், அதோடு மூன்று வருடத்துக்கு அவனுக்குத்தான் வேலை. அத்தானின் இன்சூரன்ஸ் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

"வேற கம்பெனில விசாரிச்சுப் பாக்கலாம்" என்றார் அத்தான்.

"நீயும் கூடப் போடா. இவர் தராசைத்தான் பாப்பாரு, தாளைப் பாக்க மாட்டாரு" என்று அக்கா என்னை அனுப்பினாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மற்றவர்கள் தாண்டிப்போகும் பொடி எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கடிதத்தை வாங்கிய நிமிடத்திலிருந்தே எனக்கு உள்ளே எரிய ஆரம்பித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை முதலில் பழைய கம்பெனிக்கே போனோம். பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். கம்பெனி ஆறாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஓர் இயந்திரம் எங்களுக்கு 114 என்ற டோக்கனைக் கொடுத்தது. சுவரில் எண் 9 எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் ஒலிபெருக்கி, 'எண் பத்து, தயவுசெய்து வரவும்' என்றது. யாரும் வரவில்லை. அரை நிமிடம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, 'எண் பதினொன்று' என்றது. இப்படி இல்லாத நூற்று நான்கு பேரையும் ஒருவர் விடாமல் உபசரித்து முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டது. அத்தான் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தராசு முள் நிற்கும்வரை காத்திருந்து பழகியவர்.

கவுன்டரில் இருந்த பெண் கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. சிரித்த முகம். கணினியில் அத்தானின் எண்ணைத் தட்டியதும் அந்த முகம் சற்று வாடியது.

"சார், உங்க பேர்ல ஒரு விபத்துகூட இல்லையே."

"ஆமாம்மா, ஒண்ணுகூட இல்ல" என்றார் அத்தான் பெருமையாக.

"அதான் சார் பிரச்சினை. ஒருத்தருக்குச் சராசரியா ஏழு வருஷத்துக்கு ஒரு விபத்து வரணும். உங்களுக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. ரெண்டு ஏற்கனவே வந்து முடிஞ்சிருக்கணும், மூணாவது வாசல்ல நிக்குது. மூணும் சேர்ந்து ஒரே நாள்ல வந்தா எங்க கம்பெனி என்ன சார் செய்யும்?"

அத்தான் குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார். "நான் வேணும்னு பண்ணலம்மா" என்றார்.

"தெரியும் சார். அப்புறம் விசுவாசக் கட்டணம் ஒண்ணு சேர்ந்திருக்கு."

"விசுவாசத்துக்குக் கட்டணமா? தள்ளுபடிதானே தரணும்?" என்றேன் நான்.

"தள்ளுபடி போறவங்களுக்குத்தான் சார். போறேன்னு சொன்னாதான தடுக்கணும்? சார் பத்தொன்பது வருஷமா எங்கயும் போகல. இனிமேலும் போகமாட்டார்னு எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். போகாதவர்கிட்ட கூட வாங்கினாதான் போறவருக்குக் குறைக்க முடியும்." ரகசியம் எதையும் உடைப்பதுபோல் அவள் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"அப்ப நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று எழுந்தேன்.

"தாராளமா சார்" என்று சொல்லி அவள் எதையோ கணினியில் தட்டினாள். அந்தத் தட்டலின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மத்தியானம் இரண்டாவது கம்பெனிக்கு அத்தான் வீட்டிலிருந்தே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். பேசியவர் குரல் தேன் மாதிரி இருந்தது. வயது கேட்டார், தொழில் கேட்டார், மூக்குக் கண்ணாடியின் பவர் கேட்டார். குடும்பத்தில் யாராவது தூக்கத்தில் நடப்பதுண்டா என்று கேட்டார். எந்த வேகத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டதற்கு அத்தான் முப்பது என்றதும் அந்தப் பக்கம் வேகமாக எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"சார், அவ்வளவு மெதுவா போனா பின்னாடி வர்றவங்களுக்குக் கோபம் வரும். கோபத்துல அவங்க போய் வேற யாரையாவது இடிப்பாங்க. அந்த விபத்துக்கெல்லாம் மூலம் நீங்கதான். அதுக்கு ஒரு ரெண்டாயிரம் போடணும்."

"சரி, போடுங்க" என்றார் அத்தான்.

அக்கா அவர் தொடையில் கிள்ளினாள்.

"கடைசிக் கேள்வி சார். இதுவரைக்கும் வேற எத்தனை கம்பெனில விலை கேட்டிருக்கீங்க?"

"ஒண்ணுல."

"பொய் சொல்லாம சொன்னதுக்கு நன்றி சார். எங்க பொதுப் பதிவேட்டுலயும் அப்படித்தான் இருக்கு. காலைல பதினொண்ணே காலுக்கு, 'வாடிக்கையாளர் அலையத் தொடங்கிவிட்டார்'னு ஒரு குறிப்பு வந்திருக்கு. அலையறவங்க நிலையான மனசு இல்லாதவங்க. நிலையான மனசு இல்லாதவங்க ஓட்டுறது ஆபத்து. எல்லாம் சேத்து அம்பத்திரண்டாயிரம் வருது."

"காலைல நாப்பத்தெட்டு இருந்துச்சே!" என்றாள் அக்கா.

"அது நீங்க விசாரிக்கிறதுக்கு முன்னாடி மேடம். இந்த விலை பதினொரு நிமிஷத்துக்குத்தான் செல்லும். இப்ப பத்து ஆச்சு."

போனை வைத்த பிறகு அக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள். விலை கேட்டாலே விலை ஏறுகிறது என்ற விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் வேறு எந்தச் சாமானை விற்பவனும் இந்தத் தைரியத்துக்குத் துணிந்ததில்லை. தக்காளி என்ன விலை என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனால், அந்தக் கடைக்காரன் 'நீ அங்கே கேட்டவன்தானே, உனக்கு இரண்டு கூட' என்றால் சந்தை தாங்குமா? இவர்களுக்குத் தாங்குகிறது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை காலை, இருபது கம்பெனி விலைகளை ஒரே நொடியில் ஒப்பிட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்தில் அத்தானின் போன் நம்பரைப் போட்டேன். நம்பரைப் போட்டு நான் விரலை எடுக்கவில்லை, முதல் அழைப்பு வந்துவிட்டது. அன்று மாலைக்குள் அறுபத்துமூன்று அழைப்புகள். அத்தான் அப்போது ஒரு நகைக்கடையில் தங்கத் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்காற்றுப் பட்டாலே எண் மாறும் தராசு அது. மேசையில் வைத்த போன் அதிர்கிற ஒவ்வொரு தடவையும் தராசு ஒரு மில்லிகிராம் கூடக் காட்டியது. போனை அணைக்கவும் முடியாது, சந்தையிலிருந்து கூப்பிடுவார்கள். நகைக்கடைக்காரர் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க எங்கயாவது நிறையக் கடன் வாங்கிட்டீங்களா?" என்று பரிவோடு கேட்டாராம்.

எடுக்காவிட்டால் விடுவார்களா? வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டார்கள். பிறகு என் அச்சகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருவன், 'சாருக்கு ஏதும் ஆயிடலையே, ஆயிருந்தா அதுக்கும் எங்ககிட்ட ஒரு திட்டம் இருக்கு' என்று அக்காவிடமே சொன்னான். அக்கா அவனுக்கு என்ன திட்டம் சொன்னாள் என்பதை அச்சில் கொண்டுவர முடியாது.

அந்த இருபதில் குறைவான விலை சொன்ன கம்பெனி நாற்பத்தாறாயிரம் கேட்டது. நேரில் வந்தால் உறுதி என்றார்கள். வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு முகவரியைத் தேடிக்கொண்டு போனோம். மறுநாள் சந்தைக்காக அத்தான் கற்களை வண்டியில் ஏற்றிவிட்டார், அதனால் வழக்கத்தைவிட மெதுவாகப் போனோம். சைக்கிளில் போன ஒருவர் எங்களோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே வந்துவிட்டு, நேரமாகிறது என்று விடைபெற்றார்.

முகவரி அதே பன்னிரண்டு மாடிக் கட்டடம். கம்பெனி எட்டாவது மாடி. சுவரெல்லாம் சிவப்பு. கவுன்டரில் அதே பெண். கழுத்தில் பட்டை மட்டும் சிவப்பு.

"நீங்க ஆறாவது மாடில இருந்தீங்களே?" என்றார் அத்தான்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் ஆறு சார். அப்புறம் எட்டு. இப்ப பன்னிரண்டு ஆயிடுச்சு. நான் வேற கம்பெனி." முன்பின் பார்க்காதவள்போல் அவள் மறுபடி பெயரில் தொடங்கி எல்லாவற்றையும் கேட்டாள். "அறுபத்தஞ்சு இடத்துல விசாரிச்சிருக்கீங்க போல. அம்பத்தொன்பதாயிரம் வருது சார்."

"நாங்க எங்க விசாரிச்சோம்? அவங்கதான கூப்பிட்டாங்க!" என்று நான் கத்தினேன்.

"எடுத்தீங்கல்ல சார்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறவரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றேன். அவள் கொஞ்சம்கூட எதிர்ப்புக் காட்டாமல், "பன்னிரண்டாவது மாடி சார். எல்லாக் கம்பெனிக்கும் அவர்தான் மேலாளர்" என்றாள்.

மேலாளரின் அறை எங்கள் தெருவை மடித்து உள்ளே வைக்கலாம் போல் இருந்தது. அவர் எழுந்து வந்து கை கொடுத்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இரண்டரை மணி நேரம் காக்கவைத்ததற்கு வருத்தமும் தெரிவித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். எத்தனையோ கூட்டங்களில் இதையே பேசிப் பழகியவர் என்பது தெரிந்தது. இடையில் கைதட்டலுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

"சார், ஜனங்க எங்களைத் தப்பா நினைக்கிறாங்க. நாங்க வாங்குறது பணம் இல்ல, கவலை. உங்க கவலைய நாங்க எடுத்துக்கறோம். அதை வைக்க இடம் வேணுமா இல்லையா? பத்து வருஷம் முன்னாடி எங்களுக்கு ரெண்டு மாடி. இன்னிக்குப் பன்னிரண்டு. அவ்வளவு கவலை! அடுத்து, நாங்க பணத்தைத் திருப்பித் தரமாட்டேங்கறோம்னு ஒரு புகார். நூறு வந்தா தொண்ணூத்தொண்ண பத்திரமா வச்சிருக்கோம். பத்திரமா வைங்கன்னுதான குடுத்தீங்க? திருப்பிக் குடுத்துட்டா எப்படி பத்திரமா இருக்கும்?"

நிறுத்தினார். நாங்கள் கைதட்டவில்லை. தொடர்ந்தார்.

"விலை ஏறுறதுக்குக் காரணமே விலை கேக்கறவங்கதான். கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல எழுநூறு பேர வேலைக்கு வச்சிருக்கோம். அவங்க சம்பளத்தைக் கேக்காம கட்டுறவங்க தலைல வைக்கலாமா? அது தர்மமா? அதனால கேக்கறவங்க தலைலயும் வச்சோம். நாங்க பாரபட்சம் பாக்கறதில்ல."

இதற்குள் நான் அவர் மேசையிலிருந்த அத்தானின் கோப்பைப் படித்துவிட்டேன். நான்காம் பக்கத்தில் வண்டியின் மதிப்பு நான்கு லட்சம் என்று போட்டு, அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் நாற்பத்தெட்டாயிரம் என்று கணக்கிட்டிருந்தார்கள். பதினேழாம் பக்கத்தின் அடியில், எறும்பு கூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கவேண்டிய எழுத்தில், வண்டி முழுதும் நசுங்கினால் தரும் தொகைக்கான மதிப்பு அறுபதாயிரம் என்று இருந்தது. இரண்டையும் அத்தானிடம் காட்டினேன்.

அத்தான் முகம் மாறியது. அதுவரை அவருக்குக் குழப்பம்தான் இருந்தது. இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"சார், ஒரே வண்டிக்கு ரெண்டு எடை இருக்கே."

"ரெண்டும் சரிதான் சார். முதல் மதிப்பு நீங்க கட்டும்போது. ரெண்டாவது நாங்க கட்டும்போது."

"வாங்க ஒரு கல்லு, விக்க ஒரு கல்லுன்னு ஒரு கடைக்காரன் வச்சிருந்தா நான் அவன் தராசைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டு வந்துடுவேன் சார்."

"அது வியாபாரம். இது சேவை" என்றார் மேலாளர் கனிவாக. பிறகு அத்தானைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. உங்க பேர்ல ஒரு விபத்து பதிவாயிட்டா, உங்களை 'விபத்து தீர்ந்தவர்'னு ஒரு பிரிவுல போடலாம். அடுத்த ஏழு வருஷத்துக்கு உங்களுக்கு விபத்து வராதுன்னு அர்த்தம். இருபத்தொன்பதாயிரம்தான். சின்னதா ஒண்ணு போதும். கீழ கார் நிறுத்துற இடத்துல தூண் நிறைய இருக்கு. நான் சொன்னதா சொல்லாதீங்க."

வெளியே வரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. லிப்ட் கீழ்த்தளம் வந்ததும் அத்தான், "மாப்ளே, ஒரு தூண் பாரு" என்றார். பத்தொன்பது வருடம் கட்டிக் காத்ததைத் தன் கையாலேயே இடிக்கப்போகிறார் என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

முதலில் கற்களை இறக்க வேண்டும் என்றார். இடிக்கும்போது அவை உரசினால் நாளைக்கு வேலையே இல்லை. பன்னிரண்டு கற்களையும் இருவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் போர்வை விரித்து அடுக்கினோம். என் முதுகு கழன்றுவிட்டது. காவலாளி ஒரு நோட்டோடு வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தூணில் இடிக்கப்போகிறோம் என்றோம். "ஓ, இன்சூரன்ஸா?" என்று சொல்லி நாற்காலியை வசதியாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "மூணாவது தூண்ல இடிங்க. அதான் எல்லாருக்கும் ராசி." அந்தத் தூணில் பல நிறத்துப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

அத்தான் வண்டியைக் கிளப்பினார். தூணை நோக்கி வந்தார். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது.

"என்ன அத்தான்?"

"கால் அதுவா பிரேக் போடுது மாப்ளே."

மறுபடி வந்தார், மறுபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வந்து பார்த்தார், அப்போதும் கட்டைவிரல் அகலம். காவலாளி எழுந்து வந்து, "விட்டுடுங்க சார், விட்டுடுங்க, அது பாட்டுக்குப் போகட்டும்" என்று நீச்சல் சொல்லித் தருவதுபோல் சொன்னார். ஆறு தடவை ஆயிற்று. அத்தான் சட்டை நனைந்துவிட்டது. மணி நாலே முக்கால். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "முந்நூத்தி நாப்பது தராசு போச்சு. உங்கக்கா முகத்தை எப்படிப் பாப்பேன்?" என்றார்.

அப்போதுதான் மேலாளர் லிப்டிலிருந்து வந்தார். காதில் போனை வைத்து யாருக்கோ சிரித்துக்கொண்டே தன் பெரிய காரில் ஏறினார், பின்னால் பார்க்காமல் சர்ரென்று ரிவர்ஸ் எடுத்தார். தடாரென்று ஒரு சத்தம். அத்தானின் பின்கதவு உள்ளே போய்விட்டது. மேலாளர் காரின் பின்விளக்கு தூளாகத் தரையில் கிடந்தது.

அத்தான் குதித்து இறங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் மகள் பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"ஆயிடுச்சு மாப்ளே! விபத்து ஆயிடுச்சு! சார், ரொம்ப நன்றி சார், பதிவு பண்ணிடுங்க!"

மேலாளர் மட்டும் வெளுத்துப்போயிருந்தார். "வேணாம் சார். பதிவு வேணாம்."

"நீங்கதான சார் சொன்னீங்க?"

"பதிவு பண்ணா ரெண்டு வண்டியோட இன்சூரன்ஸையும் எழுதணும்" என்றார் காவலாளி, நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து. "சார், உங்க வண்டி இன்சூரன்ஸ் நம்பர் சொல்லுங்க."

மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இல்ல" என்றார்.

"கைல இல்லையா?"

"எங்கயும் இல்ல. போடல."

காவலாளி பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"ஏன் சார் போடல?" என்று நான்தான் கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? எங்க ரேட் உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எனக்கும் பத்து வருஷமா விபத்தே இல்ல. ரெண்டு வருஷமா நானும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன். ஏறிட்டே போகுது."

பிறகு அவர் பர்ஸைத் திறந்தார். கதவு செலவைத் தானே தந்துவிடுவதாகச் சொன்னார். பதினைந்தாயிரம் ஆகும் என்றேன் நான். அந்த நிலையிலும் அவருக்குத் தொழில் மறக்கவில்லை.

"பதினஞ்சா? இந்த வண்டியே மொத்தம் அறுபதாயிரம் சார். அதுக்கு மேல ஒரு காசு பெறாது. எங்க கோப்புலயே இருக்கு. ஒரு கதவு ரெண்டாயிரத்தைத் தாண்டாது."

"அறுபதாயிரம்தானா சார்?" என்றார் அத்தான்.

"அறுபதாயிரம்தான். நான் எழுதியே தருவேன்."

"எழுதுங்க சார்."

மேலாளர் காவலாளியின் நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தான் அதை இரண்டு தடவை படித்தார். முத்திரை வைக்கும் முன்பு அவர் தராசைப் பார்ப்பதும் அப்படித்தான்.

"சரி சார். ரெண்டாயிரமே குடுங்க, நான் வாங்கிக்கறேன். ஆனா ஒரே கல்லுதான். வண்டி அறுபதாயிரம்னா, நான் கட்ட வேண்டியது அறுபதாயிரத்துல நூத்துக்குப் பன்னிரண்டு. ஏழாயிரத்து இருநூறு. அதைப் போட்டுக் குடுங்க. இல்லேன்னா வண்டி நாலு லட்சம். அப்ப கதவும் நாலு லட்சத்துக் கதவு."

இதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. தந்திரம் அவருக்கு வராது. கல்லைத் தட்டில் வைப்பதுபோல் சொன்னார், அவ்வளவுதான். மேலாளர் நோட்டைப் பார்த்தார், காவலாளியின் பேனாவைப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார்.

அந்தப் பெண் கணினியோடு கீழே இறங்கி வந்தாள். கழுத்தில் பச்சைப் பட்டை. "நாலரைக்கு மேல நான் பச்சை" என்றாள் யாரும் கேட்காமலே. எத்தனை இடத்தில் விசாரித்தார், எத்தனை வேகத்தில் ஓட்டுவார் என்பதையெல்லாம் மேலாளர் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அத்தானின் போனில் காகிதம் வந்து விழுந்தது. தலையில் அதே குடை, அதே குடும்பம். அத்தான் உடனே அக்காவுக்குப் போன் செய்தார். 'ஏழாயிரத்து இருநூறு' என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை, என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அதே ரேட்ல எனக்கும் ஒண்ணு போட முடியுமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுப் பாக்கறீங்களா? நான் கேட்டா அலையறவன்னு எழுதிடுவா."

கேட்பதற்குள் அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது. கணினியைத் தட்டிப் பார்த்தாள். "சார், உங்க பேர்ல இது எழுபத்தோராவது விசாரணை. ஒரு லட்சத்து நாப்பதாயிரம் வருது. பதினொரு நிமிஷம் டைம்" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறிப் போய்விட்டாள்.

கற்களை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. மேலாளருக்கு வேறு போக்கிடம் இல்லை. பின்விளக்கு உடைந்த வண்டியை ஓட்டிப்போனால் வழியில் நிறுத்திக் காகிதம் கேட்பார்கள். அவரும் கோட்டைக் கழற்றிவிட்டு நான்கு கற்களைத் தூக்கினார். மூச்சு வாங்க வாங்க, "இவ்வளவு கனமா சார் இருபது கிலோ?" என்றார்.

"எல்லா இடத்துலயும் இவ்வளவுதான் சார்" என்றார் அத்தான்.

போகிற வழியில் இறக்கிவிடுகிறேன் என்று அத்தானே அழைத்தார். மேலாளர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் அவருக்குத் திடீரென்று ஏதோ தோன்றியது.

"சார், இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்பத்தோரு நிமிஷமா இருக்கு சார்."

"எந்தக் கம்பெனி?"

"உங்க கம்பெனிதான்."

மேலாளர் பெல்ட்டை இழுத்து இறுக்கி மாட்டிக்கொண்டார்.

"அப்ப கொஞ்சம் மெதுவாவே போங்க" என்றார்.